கடலுக்கு எல்லைக்கல் போட்ட பழனியாண்டி

தீ வைத்தவனும் பழனியாண்டி, அணைத்தவன் என்று மாலை வாங்கியவனும் பழனியாண்டி. இந்த ஒன்றைத்தான் டிரைவர் சிவசாமியால் ஒன்பது வருசமாகச் செரிக்க முடியவில்லை. தலைமன்னார்க் கதை வரும்போதெல்லாம் பழனியாண்டியின் பெண்சாதி அம்மாக்கண்ணு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரு மட்டும் இல்லேன்னா, தொரையும் டிரைவரும் இன்னைக்கும் செயில்ல களி தின்னுக்கிட்டு இருப்பாங்க" என்பாள். டிரைவர் படகுக்குள் குப்புறக் கிடந்ததையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வாள். கிடந்தது உண்மைதான். ஆனால் அந்த வம்பை விலை கொடுத்து வாங்கியது யார்? அதை ஒரு பயலும் கேட்பதில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழனியாண்டிக்கு எல்லைக் காவல் வேலை. தோட்டத்தைச் சுற்றி நட்டிருந்த கற்களுக்கு வருசா வருசம் சுண்ணாம்பு அடித்து, கறுப்பு மையால் நம்பர் போடுவான். அடுத்த தோட்டத்தார் ஒரு கல்லை ரெண்டு முழம் நகர்த்திவிட்டார்கள் என்று, அவர்களுடைய மேற்பார்வை உத்தியோகத்தர் கண்டாக்கையா நேரில் வந்து கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நடும்வரை, கொட்டுகிற மழையில் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்த ஆள். எல்லை என்றால் அவனுக்குக் கண்ணில் தெரிய வேண்டும். கையால் தொட வேண்டும்.

ஐம்பத்தைந்தாம் வருசம் தோட்டத்துத் துரைக்கு மீன் பித்துப் பிடித்தது. நுவரெலியாக் குளத்து மீன் சலித்துப்போய், லீவு போட்டுத் தலைமன்னாருக்குப் புறப்பட்டார். கார் ஓட்டச் சிவசாமி. துடுப்புப் போடப் பழனியாண்டி. குளத்தில் துரையை வைத்து வலித்த கை அது. சிவசாமிக்குக் குளமே ஆகாது; ஆனாலும் துரை அவரையும் படகில் கூட வரச் சொல்லிவிட்டார்.

துறையில் சுங்கத்துச் சிப்பந்தி படகில் ஏறுகிறவர்கள் பேரையெல்லாம் எழுதிக்கொண்டு சட்டத்தை ஒப்பித்தான். பொழுதுபோக்குக்குப் போகிற படகு வேறு படகோடு அணையக்கூடாது. சாமான் ஏற்றவோ இறக்கவோ கூடாது. திரும்பியதும் நேராக இங்கே வந்து காட்ட வேண்டும். முக்கியமாக, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள எல்லைக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அது நாட்டை விட்டுப் போனதாகிவிடும்.

பழனியாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. இலங்கைக் குடிமகன் என்று பதிந்துகொள்ளப் பிரசாவுரிமைக்கு மனுப் போட்டு நாலு வருசமாகக் காத்திருந்தான். அடுத்த மாதம் நுவரெலியாவில் விசாரணை. நாட்டை விட்டு ஒரு நாளும் போனதில்லை என்று சத்தியக் கடதாசியில் கைநாட்டு வைத்திருந்தான்.

"கோடு எங்கங்க இருக்கு?"

"கடல்ல கோடு இருக்காது. படத்திலதான் இருக்கும்" என்று சிப்பந்தி கதவைச் சாத்தினான்.

அது பழனியாண்டிக்குப் போதவில்லை. துரை தூண்டிலைச் சரிபார்த்த நேரத்தில் கடைக்கு ஓடிச் சுண்ணாம்பு வாங்கி, ஒரு வெற்று மண்ணெண்ணெய்த் தகரத்தை மூடி அடைத்து வெள்ளையடித்துவிட்டான். கரியால் நம்பர்கூடப் போட்டான்.

"ஏண்டா, இது எதுக்கு?" என்றார் சிவசாமி.

"இருக்கட்டும்ண்ணே. நம்ம வேலை நம்மளோட."

வாடகைப் படகை ஓட்டியவர் மன்னார்க்காரர் மஃறூப். வேடிக்கை மனிதர். கரை மறைந்ததிலிருந்து பழனியாண்டி, "கோடு வந்துருச்சா பாய், கோடு வந்துருச்சா?" என்று நச்சரித்தான். பொறுக்க முடியாமல் மஃறூப் தாடையை நீட்டி, "இந்தா, இதுதான் கோடு. இதுக்கு அங்கால இந்தியா!" என்றார்.

சொல்லி முடிக்கவில்லை, தொபுக்கென்று சத்தம். நங்கூரக் கல்லைக் கயிற்றில் கட்டித் தகரத்தோடு கடலில் போட்டுவிட்டான். வெள்ளைத் தகரம் அலை மேல் குதித்தது. பழனியாண்டிக்கு மூச்சு வந்தது.

அதே நேரம் துரையின் தூண்டிலில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் மாட்டியது. அது நேரே தகரத்தைத் தாண்டி ஓடியது. படகும் பின்னால் போனது.

"தொரை, எல்ல! எல்ல!" பழனியாண்டி துடுப்பைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் வலித்தான். மீன் இந்தியாவுக்கு இழுத்தது. பழனியாண்டி இலங்கைக்கு இழுத்தான். நடுவில் துரை கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இங்கிலீசில் ஏசினார். மஃறூப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிவசாமியின் மனு முந்தின வருசமே பாஸாகியிருந்தது. ஆகையால் அவர் யாருக்கும் பயப்படாமல் ரெண்டு நாட்டுக் கடலிலும் வாந்தி எடுத்தார்.

கடைசியில் மீன்தான் களைத்தது. அதைப் படகுக்குள் இழுத்துப் போட்டபோது சுங்கத்து லாஞ்சு வந்து பக்கத்தில் நின்றது. யாழ்ப்பாணத்து ஆபீசர் ஒருவர் தகரத்தை உற்றுப் பார்த்தார். கள்ளக் கடத்தல்காரர் சரக்கைக் கடலடியில் இறக்கி, இப்படித்தான் அடையாளம் மிதக்க விடுவார்களாம்.

"உந்தத் தகரம் ஆர் போட்டது? கீழ என்ன கட்டிக் கிடக்கு? சாராயமோ?"

கயிற்றை இழுத்தார்கள். கல் வந்தது.

"கல்லுத்தாங்க. எல்லைக்கல்லு" என்றான் பழனியாண்டி.

"கடலுக்கோ?"

"நம்பர் போட்டிருக்கேங்க. பாருங்க."

ஆபீசர் தகரத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "எந்தப் பக்கத்து ஆள் நீர்? கடதாசி இருக்கோ? இதுக்கு அங்கால போனனீரோ?"

கடதாசி இல்லாமல் கடல் கடந்து வந்தவனுக்கு வைக்கிற 'கள்ளத்தோணி' என்ற சொல் இன்னும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஆனால் படகிலிருந்த எல்லார் காதிலும் அது விழுந்துவிட்டது. சிவசாமி தலையைத் தூக்கினார். எதாவது சொல்ல நினைத்தார். வாயைத் திறந்தால் வேறுதான் வந்தது.

"நாங்க போகலீங்க ஐயா" என்று கும்பிட்டான் பழனியாண்டி. "மீனுதாங்க போச்சு. நாங்க அதைத் திருப்பி இழுத்துக்கிட்டு வந்தோம்."

"அப்ப மீன் இந்தியாவில இருந்து வந்திருக்கு. இறக்குமதி. தீர்வை கட்ட வேணும்."

துரை ஆத்திரத்தில் குதித்தார். பழனியாண்டி பதறிப்போனான்.

"அதெப்படிங்க? அது எங்க பொறந்துச்சுன்னு யாரு கண்டா? அதுக்கும் பொறந்த பதிவு இல்லீங்க, எனக்கும் இல்லீங்க. அது ஊரு மாறிப் போச்சுன்னு எழுதுனா, நாளைக்கு என்னையும் அப்படித்தானே எழுதுவாங்க?"

ஆபீசரின் தோள் குலுங்கியது. லாஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவர் கடல் படத்தை விரித்துக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். கோடு இன்னும் நாலு மைல் அங்கால கிடந்தது! மஃறூப் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பக்கந்தானுங்களே? அதை எழுத்துல குடுங்க ஐயா. சீல் வச்சுக் குடுங்க."

கொடுக்காமல் ஆள் நகர மாட்டான் என்று தெரிந்து, ஆபீசர் துறைக்கு வந்ததும் எழுதிக் கொடுத்தார்: இன்ன தேதி, இன்ன மணிக்கு, பழனியாண்டி என்பவர் இலங்கைக் கடலுக்குள்ளேயே காணப்பட்டார்.

அடுத்த மாதம் விசாரணையில் தோட்டத்துச் செக்ரோல் சம்பளப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீட்டு எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடதாசியை வைத்தான் பழனியாண்டி. விசாரணை ஐயா படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடலுக்குப் போயும் நாட்டை விட்டுப் போகாத ஆள் இவன் ஒருத்தன்தான்" என்றாராம். மனுப் பாஸாகிவிட்டது. தோட்டமே தப்படித்துக்கொண்டு போய் அவனை அழைத்து வந்தது. கார் கழுவிக்கொண்டிருந்த சிவசாமியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பழனியாண்டி வேலையை விட்டுவிட்டு ராகலையில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறான். போன கிழமை கார் நிற்கிற கராச்சுக்குச் சொல்லிக்கொள்ள வந்தான். வந்தவன் போகாமல் நின்றான். மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். புத்தம் புதுப் பாஸ்போட்.

"எங்கடா போகப் போற, இத வச்சுக்கிட்டு?" என்றார் சிவசாமி.

"எங்கயும் இல்லண்ணே. ஒன்னே ஒன்னு கேக்குறேன், மாட்டேன்னு சொல்லிடாதீங்க. ஒரு தரம் தலைமன்னாருக்குக் கூட்டிட்டுப் போங்க. சுங்கத்துல முறையாச் சொல்லிட்டு, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயி, தண்ணியில ஒரு காலை நனைச்சுட்டு உடனே திரும்பிருவோம். நீங்க படுத்துக்கிட்டே வந்தாப் போதும்."