சித்தப்பாவின் பங்கு

சுவிஸில், காசு போட்டால் தானே படமெடுக்கும் பெட்டிக்குள் இருந்து சிரித்தால் காரியம் கெட்டுவிடும். துன் ரயில் நிலையத்தில் உள்ள அந்தப் பெட்டிக்குள், வதிவிட அட்டைக்காக எத்தனையோ தடவை முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். போன வருடம் ஒரு யப்பானியக் கண்காட்சியில், இங்கேயே பிறந்த என் மகள் என்னை இளஞ்சிவப்புப் பெட்டியொன்றுக்குள் தள்ளி, "அப்பா, சிரியுங்கோ" என்றபோது திகைத்துப்போனேன்.

அதற்குப் பெயர் புரிகுராவாம். யப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிநேகிதரோடு அதற்குள் புகுந்து படமெடுப்பார்களாம். மெஷின் கண்களைப் பெரிதாக்கி, தோலை வெளுத்து, ஒரே படத்தைப் பல ஸ்டிக்கர்களாக ஒரு தாளில் அச்சடித்துத் தரும். பிறகு அதை வெட்டி ஆளுக்கொரு பங்கு எடுப்பார்களாம். யாழ்ப்பாணத்தைப் பற்றி இவளுக்கு இதில் பாதி தெரிந்தால் போதும் என்று உள்ளூர எரிச்சல் வந்தது.

"சித்தப்பான்ரை படத்தையும் தாங்கோ. அவரும் எங்களோடை நிக்கட்டும்."

என் தம்பி 2009இல், போர் முடிந்த நாட்களில் காணாமற்போனவன். அவனுடைய படத்தைப் பெருப்பித்து எடுத்துக்கொண்டு ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில் மழைக்குள் நின்றிருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம், இடது புருவத்துக்கு மேல் தழும்பு இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தழும்பை வைத்து யாராவது அவனைக் கண்டுபிடிப்பார்கள் என்று ஊரில் அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறா.

பணப்பையில் இருந்த அவன் படத்தை எடுத்துக் கொடுத்தேன். மகள் அதை எங்கள் இருவர் முகங்களுக்கும் நடுவில் பிடித்தாள். மெஷின் மூன்று பேர் என்று எண்ணிக்கொண்டது. வெளியே வந்த ஸ்டிக்கரில் தம்பிக்கும் பெரிய கண்கள், சிவந்த கன்னங்கள். தழும்பைக் காணவில்லை.

பொறுப்பாக நின்ற சுவிஸ் பெண் எட்டிப் பார்த்து, "உங்கள் மகனா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"இல்லை, தம்பி."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கள் மெஷின் அவரை நன்றாக இளமையாக்கிவிட்டதே!"

அது மெஷினின் வேலை அல்ல என்று விளக்க எனக்கு ஜெர்மன் போதவில்லை. நானும் சிரித்துவைத்தேன். எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவனுக்கு அந்தப் படத்தில் இன்னமும் இருபத்துமூன்று வயதுதான்.

மகள் அவளிடம் கத்தரிக்கோல் வாங்கித் தாளை மூன்றாக வெட்டினாள். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது சித்தப்பான்ரை பங்கு. அவர் வரேக்கை குடுங்கோ."

"ஓம்" என்றேன்.

ஊருக்கு அனுப்பினால், தழும்பில்லாத இவன் ஆர் என்று அம்மா கேட்பா. எறிந்தால் மகள் கேட்பாள். அங்கே அம்மாவுக்கும் இங்கே மகளுக்கும், அவன் வருவான் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு அப்படிச் சொல்லத்தான் இரண்டு நாட்டிலும் ஒருவரும் இல்லை.