கட்டிங் மேஜையில் ஒரு கடல்

ஞாயிற்றுக்கிழமை மதிய லுஹர் தொழுது வந்ததும் நசீர் கட்டிங் மேஜையை ஈரத்துணியால் துடைக்கிறார். காய்ந்தபின், தோலில் அளவு குறிக்கும் வெள்ளிப் பேனாவை எடுத்து அதே மேஜையில் ஒரு கடல் வரைகிறார். இரண்டு தீவு, ஒரு பாலம், ஒரு சுங்கச்சாவடி. பிறகு முக்காலியில் உட்கார்ந்து சுற்றியிருப்பவர்களைப் பார்த்து, "சரி, இப்ப என்ன செய்யப் போறிய?" என்கிறார். வாரம் முழுக்க இதை இப்படி வெட்டு, அதை அப்படித் தை என்று சொல்லும் வாய், ஞாயிறு மதியம் கேள்வி மட்டும்தான் கேட்கும்.

தாராவியில் கைப்பைப் பட்டறை வைத்திருக்கும் நசீருக்கு நாற்பத்தொரு வயது. மூன்று வருடத்துக்கு முன் செம்பூரில் ஒரு விளையாட்டுக் குழுவிடமிருந்து இருநூறு சின்னச் சுருக்குப்பைகளுக்கு ஆர்டர் வந்தது. உள்ளே என்ன போடுவார்கள் என்று தெரியாமல் தைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கேட்கப் போனவரிடம் இருபது முகப் பகடை ஒன்றைக் கொடுத்து, ஆளுக்கொரு வேஷம் ஏற்றுக் கதையை வாயாலேயே நடத்தும் விளையாட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். எழுந்திருக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று.

இப்போது பட்டறைக்கு மேலே, ஏணி வைத்து ஏறும் மாளா என்கிற பரணில், அந்தக் கட்டிங் மேஜையில்தான் அவர் நடத்தும் ஆட்டம். ஜிப் மாட்டும் மாரிக்கண்ணன் அதில் திருடன். "நெசத்துல ஒரு ஜிப் ரன்னர் காணாமப் போனாலும் இப்ப என்னையத்தான் பாக்காவ" என்பது அவன் குறை. லைனிங் தைக்கும் அக்தர் பானு கப்பல் தலைவி. முதல் ஆறு வாரம் "நசீர் காக்கா சொல்லுறபடி" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நசீர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பசை காயக் காத்திருப்பதுபோலச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

போன ஜூலையில்தான் வினை வந்தது. கதையில் காவலர்கள் புகுந்த கட்டம். ஜன்னல் திறந்திருப்பதை மறந்து, "போலீஸ் வந்தாச்சு, ஓடுங்க" என்று நசீர் கத்திவிட்டார். கீழே சந்தில் இரண்டு ஷட்டர்கள் இறங்கின. ஒருவர் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். விஷயம் என்னவென்று ஏறிவந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது பகடை. அன்றிலிருந்து சந்துக்கே அது சூதாட்டக் கிளப்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஷாகுல் ஹமீது, ஜமாஅத்தில் பெரிய மனிதர். "பகடை உருளுற எடத்துல பரக்கத் தங்காது" என்று சொல்லியனுப்பினார். அடுத்த ஞாயிறு நேரில் வருவாராம். அதன்பிறகு ஒன்று ஆட்டம் இருக்காது, இல்லை பட்டறை இருக்காது.

நசீர் சண்டைக்குப் போகவில்லை. "டென்ஷன் நஹி லேனே கா" என்று, அலட்டிக்கொள்ளாதே என்பதை பம்பாய் இந்தியில் தனக்கே சொல்லிக்கொண்டு, கழிவுத் தோலில் இருபது வில்லைகள் பஞ்ச் அடித்து, ஒவ்வொன்றிலும் எண் குத்தி, மிஞ்சியிருந்த செம்பூர்ச் சுருக்குப்பையில் போட்டார். மதரஸா விழாவில் யார் முதலில் ஓதுவது என்று சீட்டெடுப்பதுபோல இனிப் பகடை உருட்டாமல் கையைவிட்டு ஒரு எண்ணை எடுத்தால் போதும்.

ஞாயிறன்று ஏணியேறி வந்த ஷாகுல் ஹமீது மேஜையில் பணத்தைத் தேடினார். இல்லை.

"இதுல ஜெயிக்கது யாரு, நசீரு?"

தனியாக யாரும் ஜெயிக்க முடியாது, எல்லாரும் சேர்ந்துதான் கரையேற வேண்டும் என்றார் நசீர். பெரியவருக்கு அது பதிலாகப் படவில்லை. குடும்பப் பெண்ணையும் இதில் உட்காரவைத்திருக்கிறாயே என்று அக்தர் பானு பக்கம் கையை நீட்டினார்.

எட்டு வருடமாக அவர் தலை தெரிந்தாலே முக்காட்டை இழுத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொள்ளும் அக்தர் பானு எழுந்து நின்றார்.

"மாமு, போன மாசம் அந்தேரி கடைக்காரரு லைனிங் சரியில்லன்னு முந்நூறு பையத் திருப்பி அனுப்புனாரு. காக்காவுக்குக் காய்ச்சல். நாந்தான் போனேன். ஒரு பையப் பிரிச்சுப் போட்டு, எங்க சரியில்ல, காட்டுங்கன்னு கேட்டேன். முந்நூறையும் எடுத்துக்கிட்டாரு." சுங்கச்சாவடி மேல் விரலை வைத்தார். "இங்க சுங்கம் கேக்குற ராசாகிட்டயே பேசிப் பழகிட்டேன். கடைக்காரரு என்ன பெரிய ஆளு?"

மாரிக்கண்ணன் மேஜையில் ஒரு தட்டு தட்டினான். நசீர் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

ஷாகுல் ஹமீது பக்கத்து முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். வெள்ளிக் கடலின் மேல் குனிந்தார். அந்தப் பாலத்துக்கு அங்கிட்டு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"போய்ப் பாத்தாத்தான் தெரியும், மாமு. இப்ப என்ன செய்யப் போறிய?" நசீர் சுருக்குப்பையின் கயிற்றைத் தளர்த்தி அவர் பக்கம் தள்ளினார்.

பெரியவர் தன் முழுக்கைச் சட்டையின் வலது கையை, அவசரமில்லாமல், இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டார்.