ஆடாத கோடு

நீர் வழங்கல் அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்பவளுக்குப் பச்சை விளக்கின் மேல் நம்பிக்கை கிடையாது. காலையில் வந்ததும் டிஸ்கில் இடமிருக்கிறதா, பேக்கப் ஓடியதா என்று பார்த்துவிட்டு, திரையில் தொட்டிகளின் நீர்மட்டக் கோடுகளை ஒவ்வொன்றாக முறைப்பாள்.

அன்று, "எல்லாம் பச்சையாத்தானேம்மா இருக்கு?" என்றார் மேலாளர்.

"ஊரே குளிக்கிற நேரம் சார். மூணாம் தொட்டிக் கோடு மட்டும் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா நிக்குது. தண்ணி அப்படி நிக்குமா?"

அளவை வாங்கும் புரோகிராம் விடியற்காலையிலேயே படுத்துவிட்டிருந்தது; திரை பழைய எண்ணையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தது. புரோகிராமை அவள் மறுபடி ஓடவிட்டதும் கோடு சரேலென்று கீழே இறங்கியது. தொட்டி வற்றுவதற்குள் மேலாளர் ஓடிப்போய்ப் பம்பைப் போடவைத்தார்.

மறுநாள் அவள் வந்தபோது, மேலாளர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து கோடுகளை முறைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமே ஆடுதும்மா," என்றார் பெருமையாக.