நானில்லை என்று சொன்ன வெள்ளிக்கிழமை

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குள் வேர்வையும் மெழுகுதிரிப் புகையும் கலந்த ஒரு மணம் கட்டிநிற்கும். அந்தப் புழுக்கத்துக்குள் முழங்காலில் நின்று, தங்கள் பாவங்களுக்காக நெஞ்சில் அடித்து அழுத பெரியவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பக்தி வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

சாவகச்சேரிக்கு அண்மையில் எங்கள் ஊர். அறுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பன்னிரண்டு வயது. ஐயா, என் தகப்பனார், கோயில் மூப்பர். எங்கள் சாதி ஆட்கள் "வாங்கு" என்கிற நீளப் பலகை இருக்கையில் இருப்பார்கள். பிலோமினாக்காவின் ஆட்கள் பின்னால் சீமெந்து நிலத்தில் இருக்கவேண்டும். கோயிலைக் கூட்டித் துடைப்பவரே பிலோமினாக்காதான். அந்த வாங்குகளை அவர் தினமும் துடைக்கலாம், இருக்கத்தான் கூடாது.

அந்த வருடம் அவர் நிறைமாதக் கர்ப்பிணி. சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தபோது, வீங்கிய கால்களோடு சுவரைப் பிடித்தபடி நின்றவரைப் பார்த்து, நான் சற்று அரக்கி நகர்ந்து இடம் விட்டுக் கையைக் காட்டினேன். அவர் தயங்கித் தயங்கி வந்து வாங்கின் நுனியில் அமர்ந்தார். ஐயா ஆண்கள் பக்கத்திலிருந்து வந்துவிட்டார்.

"ஆர் உவளுக்கு இடம் விட்டது?"

"நானில்லை ஐயா. அவதான் வந்து இருந்தவ."

பிலோமினாக்கா என்னை ஒருமுறை பார்த்தார். ஐயா அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வெளியே வெயிலில் விட்டுவிட்டு, திரும்பி வந்து சிலுவைப்பாதையின் அடுத்த தலத்துக்கு எல்லோரோடும் முழங்காலிட்டார். அதற்குப் பிறகு பிலோமினாக்கா கோயிலுக்கு வரவேயில்லை.

பெரிய வெள்ளிக்கு முன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில், "பொய் சொன்னேன்" என்றேன். பங்குச் சுவாமியார் மூன்று "அருள் நிறைந்த மந்திரம்" சொல்லச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் பாவம் தீர்ந்துபோயிற்று! அந்தப் பொய்யால் அடிபட்டது யார், அவளிடம் போனாயா என்று எவரும் கேட்கவில்லை. ஐயாவும் அன்று பாவசங்கீர்த்தனம் செய்து முகம் தெளிந்து வந்தார். "அவவிட்டை மன்னிப்புக் கேட்டனீங்களோ?" என்று நான் கேட்டதற்குக் கன்னத்தில் அறை விழுந்தது.

"கடவுளிட்டைக் கேட்டாச்சு. உவளிட்டை என்னத்துக்கு?"

எழுபதுகளின் கடைசியில் ஐயா படுக்கையில் விழுந்தார். தன் பாவங்களை நினைத்து நினைத்து அழுதார். சுவாமியாரை மூன்று தரம் கூப்பிட்டோம். "பிலோமினாக்காவைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்றேன். அழுகை சட்டென்று நின்றது.

"அவளை வீட்டுக்குள்ளையோ?" என்றார்.

அந்த மனிதர் கண்ணீர் விட்டது பாவத்துக்காக அல்ல, நரகத்துக்குப் பயந்து.

ஐயாவின் செத்தவீடு முடிந்த கிழமை நான் பிலோமினாக்காவிடம் போனேன். "அக்கா, அண்டைக்கு இடம் விட்டது நான்தான். பயத்திலை பொய் சொல்லிப்போட்டன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதோ, பிள்ளை? தெரியாத ஆக்களுக்கு முன்னாலை போய்ச் சொல்லு." மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

பழைய கோயில் இப்போது இல்லை. புதுக் கோயிலில் எல்லோருக்கும் வாங்கு. பிலோமினாக்காவும் இல்லை. போன தபசுகாலத்தில் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஒருவர், "எங்கடை கோயிலிலை சாதியெண்டு ஒண்டும் ஒருநாளும் இருந்ததில்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். செய்யவேயில்லை என்கிற பாவத்துக்கு இவர்கள் எப்படி மனம் வருந்தி மனஸ்தாபப்படுவார்கள்?

நான் எழும்பினேன்.

"இருந்தது. நிறைமாதக்காரி பிலோமினாக்காவை இழுத்து வெளியிலை விட்டது என்ரை ஐயா. பொய் சொன்னது நான்."