காதில் மாட்டாத குழாய்

கண்டிக்குப் பக்கத்தில், கலகெதரையில் என் டிஸ்பென்சரிக்கு வருகிற எவருக்கும், கால் சுளுக்காக இருந்தாலும், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால், “டொக்டர் பார்க்கவே இல்ல” என்று வெளியே வாங்கிலில் உட்கார்ந்து காத்திருப்பவர்களிடம் சொல்லிவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் இதை எதிர்த்துப் பார்த்தேன். ஒரே மாதத்தில் தோற்றுப்போய், சேற்றுப்புண்ணுக்கும் குழாயை வைக்கத் தொடங்கினேன். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் டிஸ்பென்சரி என்று பதினொரு வருடம் ஓடிவிட்டது.

போன வருடம் ஒரு பின்னேரம், பக்கத்துப் புடவைக்கடை முதலாளி இருமலோடு வந்தார். நெஞ்சிலும் முதுகிலும் வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, “நெஞ்சு நல்லாயிருக்கு” என்றபடி மருந்து உறையில் எழுதத் தொடங்கினேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“கோவிக்க வாணாம் டொக்டர். அந்தச் சாமான் கழுத்துலதானே ஈக்கிது. காதுல மாட்டல்லயே.”

தொட்டுப் பார்த்தேன். கழுத்தில்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான்.

“போன முறையும் அப்பிடித்தான் பார்த்தீங்க. நான் புது மாதிரி மெஷினாக்கும் எண்டு நெனச்சேன்.”

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன முறை அவர் வந்தது மூன்று வாரத்துக்கு முன். மருந்து கட்டிக் கொடுக்கும் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தெல்தெனியப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்.

“நானும் பார்த்தேங்க டொக்டர். அனுபவம் கூடுனா காதுல மாட்டாமலே தெரியுமாக்கும்னு இருந்துட்டேன்.”

மரியாதை என்று சொல்லி ஊரே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கோபத்தைவிட, அறிய வேண்டும் என்ற ஆவல் பெரிதாக இருந்தது. காதில் மாட்டாமல் அவ்வளவு நேரமும் நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன்? அடுத்து வந்தவருக்குக் கால் சுளுக்கு. அவருக்கு வேண்டுமென்றே மாட்டாமல் வைத்து, என்னையே வேவு பார்த்தேன். அவர் உள்ளே வந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்: கால், சீனி வருத்தம், மருமகளின் வயிற்றுவலி, மகனுக்கு ஒரு மெடிக்கல் சேர்ட்டிபிகேட். குழாய் நெஞ்சில் பட்டதும் பேச்சு நின்றது. டொக்டர் கேட்கும்போது பேசக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தோள் இறங்கியது, கண்கூட மூடிக்கொண்டது. அந்த அரை நிமிடம் என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. காதில் மாட்டியிருந்தால் உள்ளே அடிக்கும் இதயத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். ஆட்களின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நான் ஓய்வெடுத்திருக்கிறேன்! கண்டுபிடித்ததில் ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்போதுதான் அந்த வாரம் திங்கட்கிழமை வந்த டீச்சரின் நினைவு வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றவர். வேலைக் களைப்பு என்று சொல்லி விற்றமின் கொடுத்து அனுப்பியிருந்தேன். அன்று மாட்டியிருந்தேனா? எவ்வளவு யோசித்தும் அவர் முதுகில் என் கை இருந்ததுதான் ஞாபகம் வந்தது, ஒரு சத்தமும் ஞாபகத்தில் இல்லை. உடனே போன் பண்ணி, அடுத்த நாள் வரச் சொன்னேன்.

வந்தார். இரண்டு காதிலும் மாட்டி, மாட்டியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தேன். இதயத் துடிப்போடு சேர்ந்து ஊதுவது போல ஒரு சத்தம். வால்வில் கோளாறு. இரண்டாம் வருட மாணவனுக்குக்கூடக் கேட்டிருக்கும். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.

“அண்டைக்கும் இப்பிடித்தானே வெச்சுப் பார்த்தீங்க? ஒண்டுமில்லண்டு சொன்னீங்களே டொக்டர்?”

தப்பித்துக்கொள்ள இரண்டு மூன்று நல்ல வழிகள் இருந்தன. ஒன்றையும் வாய் சொல்லவில்லை.

“அண்டைக்கு நான் இதைக் காதில மாட்டேல்லை எண்டுதான் நினைக்கிறன், டீச்சர். பிழை என்னில.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது புதனும் ஞாயிறும் டிஸ்பென்சரி பூட்டு. சுளுக்குக்காரருக்கு நெஞ்சு பார்ப்பதில்லை. வாங்கிலில் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

சில மாதம் கழித்து முதலாளி மறுபடி இருமலோடு வந்தார். டீச்சர் அவருடைய கடையில்தான் துணி எடுப்பவர்.

“டீச்சருக்கு ஒப்பரேஷன் முடிஞ்சி நல்லா ஈக்கிறா. இப்ப கண்டி டவுன்ல வேற டொக்டர்ட்டதான் காட்டுறாவாம்.”

“அவர் காதில மாட்டித்தானே பாக்கிறார்?” என்று பகிடியாகக் கேட்டு வைத்தேன்.

முதலாளி சிரிக்கவில்லை. என் இரண்டு காதையும் பார்த்துவிட்டுத்தான் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.