கூரைப்புடவையில் நாலு கச்சேரியும் ஒரு மாநாடும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா கூசாமல் ஒரு பொய் சொன்னாள். "எம் பொண்ணுக்குத் தறி உண்டு, வீடு உண்டு. வேற எதுவும் தெரியாதும்மா" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா திருப்புட்குழியில் இரண்டு தறி போட்டிருப்பவர், தானும் உட்கார்ந்து நெய்கிறவர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அதான் வேணும். ஆட்டம் பாட்டம்னு சுத்திக்கினு இருக்கிற பொண்ணு எங்க வீட்டுக்குச் சரிப்படாது" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணி என் இடுப்பில் கிள்ளினாள். எனக்கு வந்த கோபத்துக்கு, நீட்டிய பஜ்ஜித் தட்டை அப்படியே உள்ளே திருப்பிக்கொண்டு போயிருப்பேன். மாப்பிள்ளையைப் பிடித்துத் தொலைத்திருந்ததால் போகவில்லை.

விஷயம் என்னவென்றால், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே பெரிய கச்சேரிப் பைத்தியம் நான்தான். கச்சேரி என்றால் தம்பூரா வைத்துக்கொண்டு பாடுவது அல்ல. சவுக்குக் கட்டையில் டியூப் லைட்டைக் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அரை மணி நேரம் உயிரை வாங்கி, முதலில் ஒரு பக்திப் பாட்டைப் பாடிவிட்டுச் சினிமாப் பாட்டில் இறங்குவார்களே, அந்த மெல்லிசைக் கச்சேரி. தொண்ணூறுகளின் கடைசி அது. ஆடி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் தெருவுக்கு ஓர் அம்மன், அம்மனுக்கு ஒரு கூழ், கூழுக்கு ஒரு கச்சேரி. எந்தக் குழு எந்தப் பாட்டை எப்படிப் பாடியது என்று ஒரு நோட்டில் எழுதி மார்க் போடுவேன். கீபோர்டுக்காரர் ஒரு இடத்தில் தடுமாறினால் அரை மார்க் போச்சு.

அந்த நோட்டில் பத்துக்குப் பத்து வாங்கியது ஒரே ஒரு பாட்டு. வாலாஜாபாத் குழு ஒன்றில் பாடும் ஒரு அக்கா, கொஞ்சம் கரகரத்த குரல், கையில் எப்போதும் மடித்த கைக்குட்டை. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாட வேண்டிய ஒரு பழைய பாட்டு. அன்று ஆண் பாடகர் வரவில்லை. அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு குரலிலும் தானே பாடினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு அந்தக் குழு எங்கே வந்தாலும் அதே பாட்டைக் கேட்டுச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவேன். மூன்று வருஷம். ஒரு தடவைகூட என் சீட்டு மைக் வரைக்கும் போய்ச் சேரவில்லை.

கல்யாணம் ஆவணியில் என்று முடிவாயிற்று. அதற்கப்புறம் மாப்பிள்ளையின் அம்மா வீட்டிலிருந்து நான் கச்சேரிக்குக் கிளம்புவதாவது. ஆக, இந்த ஆடிதான் எனக்குக் கடைசி ஆடி. ஒரு கச்சேரி விடக்கூடாது, அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் அந்த அம்மா இன்னொரு வேலை வைத்தார். "பட்டும் ஜரிகையும் நாங்க குடுக்கிறோம். கூரைப்பொடவைய பொண்ணு கையாலயே நெய்யட்டும். ஆடிப் பதினெட்டு அன்னிக்கு நானே வந்து தறியிலேர்ந்து அறுத்துக்கினு போறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அரக்கு உடல், பச்சைக் கரை. மடியில் வெடியைக் கட்டிய மாதிரி இருந்தது எனக்கு. நெசவு தெரிந்த மாமியார் பெண்ணின் கையைச் சோதிக்க இதைவிட என்ன வேண்டும்?

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் பிணைக்கும் கோர்வை போட்டுத்தான் நெய்ய வேண்டும். ஒருத்தர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்ய, இன்னொருத்தர் ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். ஒரு ஆள் எழுந்து போனால் தறி நின்றுவிடும். குழியில் நான், ஓரத்தில் அண்ணி. நான் கச்சேரிக்குப் போனால் அண்ணிக்கும் வேலை இல்லை, அண்ணி வெளியே போனால் எனக்கும் வேலை இல்லை.

அண்ணியின் பைத்தியம் வேறு. மாத நாவல். அதுவும் துப்பறியும் நாவல். சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது ஒரு அத்தியாயம், துணி காயும்போது ஒரு அத்தியாயம். ஆசிரியருக்குக் கடிதம் எழுதி மூன்று கடிதம் அச்சில் வந்திருக்கிறது. அந்த ஆடியில்தான் வேலூரில் அந்த நாவல்காரர்களுடைய வாசகர் மாநாடு. அண்ணிக்கு அழைப்பிதழே வந்துவிட்டது. "நீ என்கூட மாநாட்டுக்கு வா, நான் உன்கூட எல்லா கச்சேரிக்கும் வர்றேன்" என்றாள். கைமேல் கை அடித்துக்கொண்டோம். அண்ணனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாநாடுன்னா கொடி புடிச்சுக்கினு போவணுமா?"

முதல் வெள்ளி எங்கள் தெருவிலேயே. டிரம்ஸ்காரர் புதுசு, பேய் மாதிரி அடித்தார். மறுநாள் விடிந்ததும் தறியில் உட்கார்ந்தால் அதே பாட்டு வாயில். நான் பாட, அண்ணி நாடாவைத் தள்ளிக்கொண்டே ஒத்து ஊதினாள். ஒரே நாளில் ஒன்றரை நாள் வேலை ஓடியிருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்ன காஞ்சிபுரம் ஓரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்காதவர்கள் போல ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கதவைத் திறந்துவைத்துக் கேட்டார்கள். உள்ளே ஒரு மாமி தலையாட்டுவதை நானே பார்த்தேன். எல்லாம் மெதுவான பாட்டு, சொக்கிப் போய் வந்தோம். இரண்டாம் வெள்ளி ஓரிக்கை. அங்கேதான் வாலாஜாபாத் அக்கா. அவர் மேடை ஏறியதும் நான் அண்ணி கையை நசுக்கிய நசுக்கலில் அவளுடைய இரண்டு கண்ணாடி வளையல் போயிற்று. சீட்டை எழுதி, சட்டையில் பேட்ஜ் குத்திய விழாக் கமிட்டிக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, மடித்து, வியர்வை துடைத்துக்கொண்டார். என் கண் முன்னாலேயே.

அடுத்த ஞாயிறு மாநாடு. வேலூரில் ஒரு கல்யாண மண்டபம். நுழையும்போதே சட்டையிலும் முந்தானையிலும் பேர் எழுதிய அட்டை குத்தினார்கள். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய நாவல்களைத் தகரப் பெட்டியில் போட்டுத் தலையில் தூக்கி வந்தவர்கள் இருந்தார்கள். கொலைகாரன் யார் என்று எத்தனாவது பக்கத்தில் கண்டுபிடித்தாய் என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தியாயத்துக்கு ஒரு ஆளைக் கொல்கிற எழுத்தாளர் நேரில் ஒல்லியாக, சாதுவாக இருந்தார். சுவரில் பல்லியைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். கேள்வி நேரத்தில் அண்ணி எழுந்துவிட்டாள். "சார், போன மாச நாவல்ல அஞ்சாவது அத்தியாயத்துல செத்துப்போன டிரைவர், பதினொண்ணாவது அத்தியாயத்துல டீ குடிக்கிறாரே, எப்படி சார்?" என்று கேட்டாள். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எழுத்தாளர் சிரித்துவிட்டு அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வரும் பஸ் முழுக்க அண்ணி அந்தக் கும்பிடைப் பற்றியே பேசினாள். மறுநாளும், அதற்கு மறுநாளும் தறியில் அதே பேச்சுதான். கை ஏதோ நெய்துகொண்டிருந்தது.

நாலாவது கச்சேரி பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால், மறுபடியும் அதே அக்கா. இந்த முறை சீட்டை நானே மேடை ஓரம் வரை கொண்டுபோய் வைத்தேன். அக்கா கையை நீட்டினார். நடுவில் ஒருத்தர் புகுந்து, "தலைவர் பேரனுக்கு இன்னிக்குப் பொறந்த நாள்" என்று தன் சீட்டை மேலே வைத்தார். அதைப் பாடியதோடு கச்சேரி முடிந்தது. அழுகையாக வந்தது. அந்த ஆத்திரம் தீர மறுநாள் இழையை நெருக்கும் பலகையைப் போட்டு அடித்து முந்தியை முடித்தேன்.

ஆடிப் பதினெட்டு காலையில் மாப்பிள்ளையின் அம்மா மஞ்சள், குங்குமம், கத்தரியோடு வந்து இறங்கினார். நெய்த துணி மடிக்கு முன்னால் இருக்கும் உருளையில் சுற்றிக்கொண்டே போய்விடும். முழுப் புடவையாக அதைப் பார்ப்பது அறுக்கிற நாளில்தான். அறுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசல் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

அரக்குப் பட்டில் குறுக்கே பட்டை பட்டையாக, ஒரு இடம் அடர்த்தியாக, ஒரு இடம் மெலிதாக, மறுபடியும் அடர்த்தியாக. கடையில் நிற்பவருக்குத் தெரியாது. நெசவுக்காரருக்குத் தெரியும். அவர் கட்டை விரலை வைத்து முந்தியிலிருந்து தடவிக்கொண்டே வந்தார்.

"இங்க அடி கெட்டியா இருக்குது. இங்க தளர்ந்து கெடக்குது. இங்க திரும்பவும் கெட்டி." விரல் நின்றது. "இது ஒரு கை நெசவே இல்ல. ஆள் மாத்தி ஆள் ஒக்காந்து நெய்ஞ்சிருக்கீங்க. பொண்ணு கையால நெய்யச் சொன்னா, கூலிக்கு ஆள் வெச்சீங்களா?"

அம்மா பதறி, "ஐயோ, அவளேதான்மா. சாமி சத்தியமா" என்றாள். அவர் என் அம்மாவைப் பார்க்கவே இல்லை. புடவையை மடிக்க ஆரம்பித்தார். அந்த மடிப்பில் கல்யாணம் நிற்குமா நிற்காதா என்று எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏமாற்றுக்காரி. வாயைத் திறந்தால் ஊர் சுற்றி. எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொண்டேன். ஆனால் நான் குனிந்து குனிந்து முதுகு ஒடிய நெய்ததை இன்னொருத்தி நெய்ததாகச் சொன்னால் என்னால் பொறுக்க முடியாது.

"எல்லாம் என் கைதான்" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வந்தது. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டேன். புடவையை அவர் கையிலிருந்து வாங்கி ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினேன். "இது மொத வெள்ளிக்கெழம கச்சேரிக்கு மறுநாள். எல்லாம் குத்துப் பாட்டு. இங்க தளர்ந்திருக்கிறது சின்ன காஞ்சிபுரம், மெதுவான பாட்டு. இது ஓரிக்கை. முந்திகிட்ட இருக்கிறது என் சீட்ட படிக்காத கோவம்."

"நடுவுல ஒரு மொழம் தொளதொளன்னு இருக்குதே, அது இன்னா?"

"அது மாநாடு" என்றாள் அண்ணி, ஓரத்திலிருந்து. "நான்தாம்மா பேசிக்கினே இருந்தேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த அம்மா நோட்டைப் புரட்டினார். மார்க்கு எல்லாம் பார்த்தார். "மொத வெள்ளிக்கெழம, மூணாவது பாட்டு. பாடு" என்றார். வெட்கம் பார்க்கிற நிலைமையிலா இருந்தேன்? பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முதல் பட்டையின் மேல் கட்டை விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒங் கைதான்" என்றார் கடைசியில். "நல்ல கை. ஆனா பாட்டு மாறுனா அடி மாறுது. எங்க வீட்டுத் தறியில ஒக்காந்தா, ஒரு பொடவைக்கு ஒரே பாட்டா பாடு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அண்ணி மறுபடியும் இடுப்பில் கிள்ளினாள். "ஆட்டம் பாட்டம் சரிப்படாதுன்னு சொன்னீங்களே" என்று என் துடுக்கு வாய் கேட்டுவிட்டது.

"உங்க அம்மா பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னாங்க. அதுக்கு ஏத்தாப்புல நானும் எதுனா சொல்லணும் இல்ல? பொண்ணு பாக்க வந்த எடத்துல வேற இன்னா பேசுறது?" என்று புடவையைப் பைக்குள் வைத்தார். அப்புறம் நோட்டில் பத்துக்குப் பத்து போட்டிருந்த வரியில் விரலை வைத்தார். "இந்த வாலாஜாபாத் பொண்ணு கடைசி வெள்ளிக்கெழம எங்க ஊருக்கு வருது. என் தம்பிதான் கமிட்டி. நீ வரக்கூடாது, கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ஊர்ல காலு வெக்கக்கூடாது. சீட்டு எழுதிக் குடு. நானே போயி குடுக்கிறேன்."

நான் ஓடிப்போய் மூன்று சீட்டு எழுதி வந்தேன். அவர் ஒன்றை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மற்ற இரண்டையும் திருப்பித் தந்தார்.

கல்யாணத்தன்று அந்தப் பட்டை விழுந்த புடவையைத்தான் கட்டிக்கொண்டேன். தாலி ஏறியதும் மாப்பிள்ளையின் அம்மா காலில் விழுந்தேன். தூக்கி நிறுத்துகிற சாக்கில் காதருகே குனிந்து, "பாடுச்சும்மா. ரெண்டு கொரல்லயும் அதுவே பாடுச்சு. மொத வரிசையில ஒக்காந்து கேட்டேன். எனக்கே ஒடம்பு சிலிர்த்துப்போச்சு" என்றார்.

எனக்குக் கண்ணீர் கரகரவென்று வழிந்தது. பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்து மண்டபத்தில் நாலு பேர் கூட அழுதார்கள். அண்ணிக்கு மட்டும்தான் தெரியும், நான் வயிற்றெரிச்சலில் அழுதேன் என்று. மூன்று வருஷம் சீட்டு எழுதினவள் நான், கேட்டுவிட்டு வந்தது என் மாமியார்.