பெரியப்பாவின் ரகசிய மொழி

லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு நின்றபோது, முன்னால் நின்ற மலைபோன்ற மனிதரிடமிருந்து நோவெண்ணெய் வாசம் வந்தது. அவ்வளவுதான், நான் நினைவில் எங்கள் பழைய பிளேஸ்டோ வீட்டுக்கே போய்விட்டேன்.

பெரியப்பா ஒரு பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் முன்வரிசைக்குக் கோச். அந்த வரிசைத் தடியர்கள் பந்தைத் தொடவே மாட்டார்கள்; பந்து எறிபவனை எதிரணி நெருங்காமல் மறிப்பதுதான் அவர்கள் வேலை.

"தொடாத பந்துக்கு ஏனப்பா ஒரு கோச்?" என்று கேட்டபடி பெரியம்மா அவருடைய முழங்காலுக்கு நோவெண்ணெய் தேய்ப்பார்.

எதிரணிக்கு விளங்கக்கூடாதென்று பெரியப்பா அந்த வெள்ளைக்காரப் பெடியளுக்குத் தமிழ் பழக்கினார். "இடப்பக்கம் தள்ளு!" என்று அவர் கத்தினால், வரிசை முழுவதும் இடப்பக்கம் பாயும். அந்தப் பருவத்தில் வெற்றிமேல் வெற்றிதான்.

நானும் பார்க்கப் போயிருந்த கடைசி ஆட்டத்தில் "இடப்பக்கம்!" என்றார். எதிரணி அங்கே போய் நின்றது. "வலப்பக்கம்!" என்றார். அங்கேயும் நின்றது. தோற்ற பிறகு எதிரணித் தடியன் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"குறை நினையாதேங்கோ அங்கிள். நான் எட்மண்டன் தமிழ்ப் பெடியன்."

அதோடு பெரியப்பாவின் கோச் வேலையும் போனது.

முன்னால் நின்றவர் திரும்பினார். அதே எட்மண்டன் முகம்! நான் யாரென்று சொன்னேன்.

"அங்கிளின்ர பெறாமகளோ? இப்ப நானும் கோச்தான், தங்கச்சி."

"நீங்களும் தமிழிலதான் கத்துறனீங்களோ?"

"விசரே? லண்டனில தமிழ் ஒரு ரகசியமோ? பெடியளுக்கு வெல்ஷ் பாஷை பழக்கிறன்."